ரஹீம் வாத்தியாரும் இடது காலும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் இரண்டு வாரமாக என்னைத் துரத்திக்கொண்டே இருந்தார். கவிதை நமக்கு வராது. துணுக்கு எழுத நம்ம செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று லேத், இன்னொன்று ஃபுட்பால். லேத்தைப் பற்றி எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். ஆகவே ஃபுட்பால்!

முதலில் ஒரு பிரெஞ்சு கிளப்பைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பாண்டிச்சேரியில் இருக்கும் என் மாமா பையனுக்கு ஃபிரான்ஸ் டீம் என்றால் உயிர். உலகக் கோப்பை வந்தால் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. அவன்தான் சோஷோ என்ற கிளப்பின் கதையைச் சொன்னான். பியூஜோ கார் கம்பெனி 1928ல் தன் தொழிலாளிகளுக்காக ஆரம்பித்த டீம் அது. 1932ல் ஃபிரான்சில் சம்பளம் வாங்கி ஆடும் முறை வந்தபோது முன்னால் நின்ற கிளப்புகளில் ஒன்று. 1935லும் 1938லும் லீக் சாம்பியன். அப்புறம் 2015ல் கம்பெனியே கிளப்பை விற்றுவிட்டது. 2023ல் மூடப்போகிற நிலைமை வந்தபோது ரசிகர்கள் கைக்காசு போட்டுக் காப்பாற்றினார்கள்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஒரு ஃபேக்டரி டீம் என்றால் பிடிக்காமல் போகுமா? இந்த மாதிரி நம் நாட்டில் ஏதாவது உண்டா என்று தேடப் போனேன். உண்டு. கார் கம்பெனி இல்லை, போலீஸ் இலாகா! ஹைதராபாத் சிட்டி போலீஸ். அந்த டீமைத் தேடிப்போன எனக்குக் கிடைத்தவர் ஒரு ஸ்கூல் வாத்தியார். பெயர் சையது அப்துல் ரஹீம்.

2024ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். படத்தை விடுங்கள், ஆளைப் பார்ப்போம்.

1909ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனார். காச்சிகுடா, சாதர்காட் என்று நாலைந்து ஸ்கூல்களில் வேலை. நடுவில் உடற்கல்வியில் ஒரு டிப்ளமோ வாங்கினார். ஆமாம் நண்பர்களே, டிப்ளமோதான்! கல்யாண வீட்டில் எவராவது பெரியவர் என்ன தம்பி, வெறும் டிப்ளமோதானா என்று கேட்டால் இனிமேல் எனக்கு ரஹீம் ஞாபகம்தான் வரும். அவரும் ஆட்டக்காரர்தான். ஆனால் அவர் பெயர் நின்றது ஆடியதற்காக இல்லை, ஆட வைத்ததற்காக.

1940களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950ல் சிட்டி போலீஸ் டீமுக்குப் பயிற்சியாளர். அப்போதெல்லாம் இந்தியாவில் ஃபுட்பால் என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த மூன்று பேருக்கு நடுவில் தெற்கிலிருந்து ஒரு போலீஸ் டீம் போய் என்ன செய்துவிட முடியும்? பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950லிருந்து 1954 வரை வரிசையாக ஐந்து வருஷம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்! 1950ல் டூரண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானையே அடித்தார்கள். ஆட்டக்காரர்கள் எல்லாம் போலீஸ் வேலையில் இருந்தவர்கள். சம்பளம் இலாகாவில், ஆட்டம் மைதானத்தில். சோஷோவில் காருக்கு ஸ்பானர் பிடித்தவன் மாதிரி, இங்கே லத்தி பிடித்தவன்.

ரஹீம் என்னதான் சொல்லிக் கொடுத்தார்? இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

அவர் விசித்திரமான போட்டிகள் நடத்துவார். ஒரு போட்டியில் யாரும் பந்தை உருட்டிக்கொண்டே ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். அப்போது நம் ஊர்ப் பையன்கள் எல்லாம் தனி ஆளாக நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் போவதைத்தான் ஆட்டம் என்று நினைத்திருந்தார்கள் (இப்போது மட்டும் என்ன வாழுதாம்?). இன்னொரு போட்டியில் எந்தக் கால் உனக்குப் பலவீனமோ அந்தக் காலால் மட்டும் ஆட வேண்டும். வலது காலன் இடது காலால், இடது காலன் வலது காலால்.

படிக்கும்போது சிரிப்பாக இருக்கும். ஆனால் முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் நாம் ஃபைல் பிடித்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவு என்று விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் சாய்ந்திருக்கும். நாலு பக்கமும் மூலைமட்டத்துக்கு வரும் வரை விடமாட்டார்கள். ரஹீமும் அப்படி ஆளைச் சதுரமாக ராவியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஏழை வீடு. ரஹீம் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஹைதராபாத் வரை தினம் வந்து போகக் காசு கிடையாது. சைக்கிள் வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்தார். அந்தப் பையன் 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் போனான். 1960ல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டான். பஸ்ஸுக்குக் காசில்லாமல் புவனகிரியிலிருந்து சிதம்பரம் வரை சைக்கிள் மிதித்துப் பிராக்டிஸுக்குப் போனவன் என்கிற முறையில், இந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சும்மா சொல்லவில்லை.

1950லிருந்தே இந்திய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். 1951ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். ஆனால் அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யுகோஸ்லாவியாவிடம் 10-1! பெரும்பாலானோர் வெறுங்காலில் ஆடினார்கள். நல்ல குளிர் வேறு. அதற்கப்புறம்தான் நம்மவர்களுக்குப் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

அந்தப் பத்துக் கோலை ரஹீம் சும்மா வாங்கிக்கொண்டு வரவில்லை. ஐரோப்பியர்கள் எப்படி ஆளை நிறுத்துகிறார்கள், நடு ஃபார்வர்டை ஏன் பின்னால் இழுக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு வந்து நம் டீமில் செய்து பார்த்தார். பலன் 1956ல் தெரிந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2. நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக்ஸ் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நாம்தான்! அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது. அப்புறம் அவர்கள் நாலு போட்டுவிட்டார்கள். கடைசியில் நாலாவது இடம்.

1960 ரோம். இங்கேதான் என் மாமா பையனை நான் மடக்கினேன். ஃபிரான்சோடு ஆடிய ஆட்டத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டு இந்தியா முன்னால் நின்றது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் ஃபிரான்ஸ் திருப்பிப் போட்டது. 1-1. இதைச் சொன்னதும் அவன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த ரோம் அணியில் ரஹீமின் சொந்த மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலும் களத்தில் இறங்கவில்லை. அப்பா பயிற்சியாளர், மகன் பெஞ்சில். நம் ஊரில் நடக்கிற காரியமா இது?

இனி ஜகார்த்தா. 1962.

ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். உடம்பு இற்றுப்போன நிலையில் டீமை அழைத்துக்கொண்டு போனார். முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 வென்றார்கள், ஆனால் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0. அரையிறுதிக்கு வந்தாகிவிட்டது, ஆனால் தலையில் கட்டுப்போட்டவனைத் தடுப்பில் நிறுத்தினால் ஆபத்து. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? ஜர்னைலைக் கொண்டுபோய் முன்வரிசையில், நடு ஃபார்வர்டாக நிறுத்தினார்! அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார். 3-2.

வெளியே ஊரே நமக்கு எதிரி. இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்கவில்லை. இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்று நம் ஊர் அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்ப்புத் தெரிவிக்க, அந்தக் கோபம் எல்லாம் நம் ஆட்டக்காரர்கள் தலையில் விடிந்தது. இந்தியத் தூதரகத்துக்குள்ளேயே கூட்டம் புகுந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு ரஹீம் பையன்களிடம் தனக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது நாளைக்குத் தங்கம் என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

செப்டம்பர் 4. செனயன் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள். நமக்காகக் கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பாகிஸ்தான் ஹாக்கி டீம்! கோலில் பீட்டர் தங்கராஜ். பதினேழாவது நிமிஷம் பி.கே. பானர்ஜி. இருபதாவது நிமிஷம், தலையில் தையலோடு ஜர்னைல் சிங். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1. முதல் ஆட்டத்தில் நம்மை அடித்த அதே கொரியா.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ந்தேதி ரஹீம் போய்விட்டார். வயது 53. துரோணாச்சார்யா விருது என்ற ஒன்று 1985ல்தான் ஏற்படுத்தப்பட்டது. அவருக்கு அதெல்லாம் எட்டவில்லை. ரோமுக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் பக்கமே போனதில்லை. ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் தங்கமும் இல்லை, 1970ல் ஒரு வெண்கலம் மட்டும். பி.கே. 2020ல் போனார். அடுத்த மாதமே அந்த அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி. சைக்கிள் வாடகை வாங்கிய பலராம் 2023ல்.

இதையெல்லாம் படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, புவனகிரிப் பாலத்துக்குக் கீழே வெள்ளாற்று மணலில் எங்கள் செட்டைக் கூட்டினேன். இன்னைக்கு எல்லாரும் சொத்தைக் காலாலதான் ஆடணும் என்று சட்டம் போட்டேன். பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். ஒருத்தன் பந்தை உதைக்கப்போய் மணலை உதைத்து விழுந்தான். ஒரு மணி நேரம் ஆடினோம், ஒரு கோல்கூட விழவில்லை. இருட்டுகிற நேரத்தில் எங்கள் கோல்கீப்பரின் தம்பி, ஏழாவது படிக்கிறவன், இடது காலால் மெதுவாக ஒன்றைத் தட்டினான். அது உருண்டு உருண்டு போய், இரண்டு செருப்புக்கும் நடுவில் நின்றது. அடுத்த ஞாயிறும் இதே சட்டம்தான் என்று சொல்லியிருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் சாயங்காலம் நாலரைக்குப் பாலத்துக்குக் கீழே வரலாம்.