இடிபாடுகளிடையே மாரியஸ்

உரோமாபுரிக்குத் தென்கிழக்கே அர்ப்பினம் என்னும் ஊர் உள்ளது. கி.மு. 157ஆம் ஆண்டையொட்டி அவ்வூரைச் சார்ந்த குடியொன்றில் காயஸ் மாரியஸ் பிறந்தான். அவன் முன்னோருள் எவரும் உரோமாபுரியில் உயர்பதவி வகித்தவரல்லர். குடிப்பெருமை உடையோரே ஆட்சியில் அமர்ந்த அக்காலத்தில், அவன் வீரத்தையே துணையாகக் கொண்டு போர்க்களம் புகுந்தான். கி.மு. 146இல் கார்த்தேஜ் மாநகரை அழித்த சிப்பியோவின் தலைமையிலேயே, பின்னர் ஸ்பெயின் நாட்டு நுமான்சியா முற்றுகையில் அவன் பணியாற்றினான்.

கி.மு. 107இல் மாரியஸ் 'கான்சல்' என்னும் தலைமைப் பதவியை அடைந்தான். அதுகாறும் உடைமையுள்ளோரே படையிற் சேர்ந்து வந்தனர். மாரியஸோ நிலமற்ற ஏழைகளையும் படையிற் சேர்த்தான். வீரர் தம் மூட்டைகளைத் தாமே சுமக்குமாறு பழக்கினான். மக்கள் அவர்களை மாரியஸின் கோவேறு கழுதைகள் என நகையாடினர். எனினும் அப்படையே நுமிதிய மன்னன் யுகுர்த்தாவை வென்றது. வடதிசையினின்று பெருவெள்ளமெனத் திரண்டு வந்த தியூத்தோனியரைக் கி.மு. 102இலும், கிம்பிரியரைக் கி.மு. 101இலும் முறியடித்தது. நன்றி மறவாத உரோமர் கி.மு. 104 முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவனையே கான்சலாகத் தேர்ந்தெடுத்தனர்.

ஆயினும் ஏழை வீரர் நாட்டைவிடத் தமக்கு வாழ்வளித்த தலைவனையே பெரிதாக மதித்தனர். அதன் தீய விளைவு மாரியஸையே தாக்கியது. கி.மு. 88இல் கீழ்த்திசைப் போரின் தலைமை, ஒருகால் அவனுக்குக் கீழ்ப் பணிபுரிந்த சுல்லாவுக்குக் கிடைத்தது. எழுபதை அணுகிய முதுமையிலும் பதவி வேட்கை தணியாத மாரியஸ், அத்தலைமையைத் தனக்கு மாற்றிக்கொண்டான். சினந்த சுல்லா தன் படையுடன் உரோமாபுரியினுள்ளேயே நுழைந்தான். மாரியஸ் உயிர்தப்பி ஓடினான்.

மின்தூர்னே நகரருகே சேற்றில் ஒளிந்திருந்த அவனைக் காவலர் பிடித்தனர். அவனைக் கொல்லச் சென்றவனோ அவன் பார்வைக்கு அஞ்சி வாளை எறிந்துவிட்டு ஓடினான் என்பர். பின்னர் மாரியஸ் கடல் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்தான். அங்கும் தங்கலாகாதென ஆளுநன் ஆணை விடுத்தான். அவ்வாணையைக் கொணர்ந்த தூதனிடம், கார்த்தேஜின் இடிபாடுகளிடையே மாரியஸ் அமர்ந்திருக்கக் கண்டதாகச் சொல்லுமாறு அவன் பணித்தான். வீழ்ந்த மாநகரும் வீழ்ந்த வீரனும் ஒருங்கே அமைந்த அக்காட்சி ஓவியர் உள்ளத்தைக் கவர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர் அதனை மைக்கோடுகளாலும் வண்ணங்களாலும் தீட்டினர். ஜான் வாண்டர்லின் என்னும் அமெரிக்கர் 1807இல் தீட்டிய ஓவியம் பெரும்புகழ் பெற்றது.

செல்வத்தின் நிலையாமையை அவ்விடிபாடுகள் உணர்த்தின. ஆனால் மாரியஸ் அங்கே அடக்கத்தைக் கற்கவில்லை, வஞ்சினத்தையே வளர்த்தான். கி.மு. 87இல் சின்னா என்பானுடன் படைகொண்டு திரும்பி, பகைவர் பலரைக் கொன்று குவித்தான். அடுத்த ஆண்டு ஏழாம் முறை கான்சலானான்; மூன்று வாரம் நிறைவதற்குள் உயிர்நீத்தான். நாட்டின் பகைவரை வென்று காத்தவன், தன் உள்ளத்துச் சினத்தை வெல்ல இயலாமையால் அந்நாட்டிற்கே துன்பமானான். புறப்பகையை வெல்வது வீரம்; அகப்பகையை வெல்வதோ அதனினும் பெரிய வீரம்.