சவப்பெட்டி வியாபாரி செய்த அதிசய எந்திரம்!

இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை அலுவலகம். காலையில் கணக்கர் வந்து கம்ப்யூட்டரைப் போடுகிறார். சிறிது நேரத்தில் அது மற்ற கம்ப்யூட்டர்களுடன் தொடர்பு கொண்டுவிடுகிறது. நடுவில் நின்று இணைத்துவிட ஆள் இல்லை. "சுவிட்ச்" என்னும் பெட்டியே அதைச் செய்கிறது.

ஆள் இல்லாமல் இணைப்புக் கொடுக்க முன்பே வழிகாட்டியவர் யார் தெரியுமா? ஒரு சவப்பெட்டி வியாபாரி! அவர் பெயர் ஆல்மன் ஸ்ட்ரோஜர்.

ஆசிரியர்

ஸ்ட்ரோஜர் 1839-ம் ஆண்டு அமெரிக்காவில் பென்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் குதிரைப் படையில் இருந்தார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். கடைசியில், இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கினார்.

அந்தக் காலத்தில் டெலிபோனில் பேச வேண்டுமானால், ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரோஜருக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டி வியாபாரிக்குப் போயின. இணைப்புக் கொடுத்த பெண் அந்தப் போட்டி வியாபாரியின் மனைவி என்று ஒரு கதை உண்டு.

ஸ்ட்ரோஜர் கொதித்தார். ஆனால் சண்டைக்குப் போகவில்லை. ஆபரேட்டரே தேவைப்படாத எந்திரத்தைச் செய்ய முனைந்தார்.

காலர் பெட்டி

வட்டமான சட்டைக் காலர் பெட்டியில் ஊசிகளைக் குத்தி முதல் மாதிரியைச் செய்தார் என்பார்கள். மின்சாரம் விட்டு விட்டு வரும்போது, எந்திரத்தின் கை ஒவ்வொரு படியாக நகரும். வேண்டிய எண்ணில் போய் நிற்கும். உடனே இணைப்புக் கிடைக்கும்!

1891 மார்ச் 10-ந் தேதி அவருக்கு பேடண்ட் உரிமை கிடைத்தது. 1892-ல் இண்டியானா மாகாணத்து லா போர்ட் நகரில் முதல் தானியங்கி டெலிபோன் நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் 1913-14-ல் சிம்லாவில் தானியங்கி நிலையம் வந்தது.

ஆனால் ஸ்ட்ரோஜர் 1896-ல் பேடண்டை வெறும் 1,800 டாலருக்கு விற்றுவிட்டார். 1902-ல் புளோரிடாவில் காலமானார். 1916-ல் அந்த உரிமைகள் 25 லட்சம் டாலருக்குக் கைமாறின!

எண் கொடுக்கும் பெட்டி

இன்றைய சுவிட்சுகளில் சில இன்னொரு வேலையும் செய்யும். வலையில் சேரும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். கம்ப்யூட்டர் எண் கேட்டதும், சுவிட்ச் கைவசம் உள்ள எண்களில் ஒன்றைக் குத்தகைக்குக் கொடுக்கும். இந்த முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

இதற்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கலாம், குத்தகை எவ்வளவு காலம் என்று சுவிட்சில் முதலில் பதிய வேண்டும். அச்சு எந்திரம் போன்றவற்றுக்கு நிரந்தரமாகக் கொடுத்த எண்களை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய்விடக்கூடும். ஒருவருக்கு வர வேண்டியது இன்னொருவருக்குப் போகும்!

ஆலையின் கிளை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தால்? அங்கே எண் கேட்கும் குரல் அந்த அலுவலகத்தைத் தாண்டாது. அங்குள்ள சுவிட்சில் இராஜபாளையம் பெட்டியின் எண்ணைப் பதிய வேண்டும். அது கேள்வியை அனுப்பி, பதிலை வாங்கிக் கொடுக்கும். இதுதான் "ரிலே".

நமக்கு வர வேண்டியது நமக்கே வர வேண்டும் என்றுதான் ஸ்ட்ரோஜர் பாடுபட்டார். சுவிட்சில் எண்களைப் பதிகிறவர் கவனமாக இருந்தால், அது தவறாமல் நடக்கும்.