நாதத்தையே பூசையாக்கிய முத்துசுவாமி தீட்சிதர்



நம் ஆலயங்களில் திருவிழா நாளன்று மேளக்காரர் மங்கல இசையைத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் காதில் விழுவது அம்சத்வனி இராகத்தில் அமைந்த விநாயகர் கீர்த்தனையாகவே இருக்கும். ஈப்போ கல்லுமலை ஆலயமாயினும், செம்பனைக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலாயினும் இந்த வழக்கம் மாறுவதில்லை. அந்த வாதாபி கணபதிம் என்னும் கீர்த்தனையைப் பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவருடைய தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். பாடலை அறிந்த நம்மவருள் பலர் பாடியவரின் வாழ்வை அறியார். அவர் முருகப் பெருமானின் அருட்பிள்ளை எனப் போற்றப்பட்டவர் என்பதால் அவரது வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருந்தும் எனக் கருதினேன்.

இராமசுவாமி தீட்சிதர் (1735 - 1817) திருவாரூரில் குடியேறி, தியாகராசப் பெருமான் திருக்கோயிலின் வழிபாட்டு இசைமுறைகளை ஒழுங்கு செய்த பெரும் வித்துவான். நாற்பது வயதை எட்டியும் அவருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. அவர் துணைவியாருடன் வைத்தீசுவரன் கோயிலுக்குச் சென்று, அங்கு எழுந்தருளியுள்ள முத்துக்குமார சுவாமியை நோக்கி விரதமிருந்தார். அதன்பின் மன்மத ஆண்டு, பங்குனித் திங்கள், கார்த்திகை நட்சத்திரத்தில் ஆண்மகவு பிறந்தது. முருகனுக்குரிய விண்மீனில் பிறந்த பிள்ளைக்கு அப்பெருமானின் பெயரையே சூட்டினர். நூல்கள் பலவும் இவ்வாண்டை 1775 என்று குறிக்கும். மன்மத ஆண்டின் பங்குனி 1776இல் வருவதால் அவ்வாண்டைக் கொள்வோரும் உண்டு. பின்னர் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் தம்பியரும் ஒரு தங்கையும் பிறந்தனர். கருநாடக இசையின் மும்மூர்த்திகளான சியாமா சாத்திரிகள் (1762), தியாகராச சுவாமிகள் (1767), தீட்சிதர் ஆகிய மூவரும் திருவாரூரிலேயே பிறந்தவர்கள் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

முத்துசுவாமி இளமையிலேயே வடமொழியும் வேதமும் பயின்று, தந்தையாரிடம் வாய்ப்பாட்டும் வீணையும் கற்றார். அந்நாளில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த செல்வரான முத்துக்கிருஷ்ண முதலியார் அக்குடும்பத்தை வரவழைத்து ஆதரித்தார். அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தமையால் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையரின் வாத்தியக் குழு வாசிப்பதைச் சகோதரர்கள் கேட்டனர். தம்பி பாலுசுவாமி வெள்ளையர் ஒருவரிடம் பிடில் கற்று, அதனை நம் இசைக்குரிய கருவியாக்கினார். அண்ணனோ அந்த மேனாட்டு மெட்டுகளுக்கு இறைவன் மீது வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுவர சாகித்தியம் எனப்படும் இவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கில அரசரின் வாழ்த்துப்பாடல் மெட்டும் அவற்றுள் ஒன்று. பிரிட்டிஷார் ஆண்ட காலத்து மலாயாவில் நம் பாட்டன்மார் எழுந்து நின்று கேட்ட அந்த மெட்டில், அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்பே தீட்சிதர் அம்பிகையைப் பாடிவிட்டார்!

மணலியில் இருந்தபோதுதான் அவரது வாழ்வின் திருப்பம் நேர்ந்தது. சிதம்பரநாத யோகி என்னும் துறவி அங்கு வந்தார். காசிக்குச் செல்லும் வழியில் தங்கிய அவர், முத்துசுவாமியைத் தம்முடன் அனுப்புமாறு தந்தையாரைக் கேட்டார். மூத்த மகனைப் பிரிய இராமசுவாமி தீட்சிதருக்கு மனம் எளிதில் இசையவில்லை. ஆயினும் குருவின் சொல்லை மறுக்க இயலாமல் விடை கொடுத்தார். பல்லாண்டு கழித்து வரம் இருந்து பெற்ற பிள்ளையை இவ்வாறு அனுப்பிய அந்தத் தந்தையின் நெஞ்சுரத்தை நாம் போதிய அளவு போற்றுவதில்லை என்பது என் எண்ணம்.

காசியில் கழிந்த ஆண்டுகள் பல. யோகியார் அவருக்கு ஸ்ரீவித்தை என்னும் அம்பிகை உபாசனையையும் யோகத்தையும் வேதாந்தத்தையும் கற்பித்தார். நாள்தோறும் நீராடல், செபம், சக்கர பூசை, தியானம், அதன்பின் வீணை என்பதே ஒழுங்கு. குருவுக்குப் பணிவிடை செய்தபடியே பயின்ற அவ்வாண்டுகளில் வடநாட்டு இசையையும் அவர் செவி மடுத்தார். துருபத் என்னும் பழைய இசைமுறையின் நிதானமும் கம்பீரமும் அவரது உள்ளத்தில் படிந்தன. யமுனா கல்யாணி, துவிசாவந்தி, அமீர் கல்யாணி முதலிய இராகங்களை அவர் பின்னாளில் கையாண்ட விதத்தில் அதன் சுவடு தெரியும். குரு விடைகொடுக்கும் முன் கங்கையில் இறங்கச் சொன்னதாகவும், நீருக்குள் அவர் கையில் ஒரு வீணை கிடைத்ததாகவும், அதில் இராம நாமம் பொறித்திருந்ததாகவும் மரபு கூறும். கங்கை கொடுத்த வீணையை எண்ணி வியப்போர், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் வைகறைதோறும் அக்கங்கையில் மூழ்கி எழுந்த மாணவனையும் எண்ண வேண்டும்.

தென்னாடு திரும்பியவர் திருத்தணிகைக்குச் சென்று முருகன் சந்நிதியில் தவமிருந்தார். ஒருநாள் கண்மூடித் தியானத்தில் இருக்கையில் முதியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது வரலாறு. விழித்த கணத்தில் வெளிப்பட்டது அவரது முதற் கீர்த்தனை. அது அமைந்த இராகம் மாயாமாளவகௌளை. நம் பிள்ளைகள் இசை வகுப்பில் சேரும் முதல் நாளன்று சரளி வரிசை பயிலும் அதே இராகம்! தணிகையில் எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாக எட்டுக் கீர்த்தனைகள் பாடினார். அன்று முதல் தம் பாடல்களில் குருகுக என்னும் முத்திரையைப் பதித்தார். குகன் என்பது முருகன். குகை என்பது இதயக்குகை. இதயத்துள் குருவாக அமர்ந்தவன் முருகன் என்னும் பொருள் அச்சொல்லில் அடங்கும். தம் பெயரை எங்கும் எழுதாமல், குருவையும் குகனையும் ஒரே சொல்லாக்கி அதனையே தம் கையெழுத்தாகக் கொண்டார்.

பின்னர் காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கு உபநிடத பிரமேந்திரரின் தொடர்பு கிட்டியது. தலந்தோறும் சென்று பாடுவது அவர் வழக்கமாயிற்று. காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, திருக்காளத்தி, தில்லை ஆகிய ஐம்பூதத் தலங்கள் ஐந்திற்கும் ஐந்து கீர்த்தனைகள் உண்டு. சுவாமிமலை, கழுகுமலை ஆகிய முருகன் தலங்களையும் பாடினார். ஒரு தலத்தைப் பாடினால் அங்குள்ள மூர்த்தி, அம்பிகை, தீர்த்தம், தலவரலாறு என்பனவெல்லாம் பாடலுள் அமைந்துவிடும். பல பாடல்களில் இராகத்தின் பெயரும் சொற்களோடு சொற்களாக இழைந்து கிடக்கும்.

ஆயினும் அவரது தவத்தின் கனியெனத் தக்கவை திருவாரூர்க் கமலாம்பிகை மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகளே. ஸ்ரீசக்கரம் என்பது ஒன்பது சுற்றுகளைக் கொண்டது. உபாசகர் வெளிச்சுற்றில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றாக மனத்தால் உள்நோக்கிச் சென்று, நடுவேயுள்ள பிந்துவில் அம்பிகையைத் தியானிக்க வேண்டும். இவ்வழிபாட்டை வரிசை பிறழாமல் ஒன்பது கீர்த்தனைகளாக்கினார் தீட்சிதர். முன்னே தியானப் பாடல் ஒன்று தோடியிலும், முடிவில் மங்களம் ஸ்ரீராகத்திலும் சேர மொத்தம் பதினொன்று. ஆனந்தபைரவியில் முதற் சுற்றைத் தொடங்கி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சகானா, கண்டா என்று கடந்து ஆகிரியில் ஒன்பதாம் சுற்றை அடைகிறார். ஒவ்வொரு பாடலிலும் அச்சுற்றின் பெயரும் அதற்குரிய தேவியரும் இடம்பெறுவர். பாடுகிறவர் சாத்திரம் அறியாதவராயினும், பாடி முடிக்கும்போது ஒரு பூசையைச் செய்து முடித்தவராகிறார். இப்பாடல்கள் விரைந்து பாடத் தக்கன அல்ல. மூச்சை அடக்கி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று, வீணைத் தந்தியை இழுத்து விடுவது போன்ற கமகத்தோடு விளம்ப காலத்தில் நகர்பவை. அவசரக்காரரை அவை தம்மிடம் அண்டவிடா. தியானம் வேறு, இசைப் பயிற்சி வேறு என்ற பிரிவு அவரிடத்தில் இல்லாமற் போனதை இங்கேதான் தெளிவாகக் காண்கிறோம்.

நிற்க. நம் பேராக் மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் தழைத்திருந்த நாளில், வெள்ளிக்கிழமை மாலைதோறும் கோயிலில் பசனை நடக்கும். விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும் உழைப்பாளிகளே ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்பர். அவர்களுள் சான்றிதழ் பெற்றவர் எவருமிலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தபோது அந்தக் குழுக்களும் கலைந்தன. இன்று ஈப்போவில் பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் உள்ளனர். மகிழ்ச்சியே. ஆனால் அரங்கேற்றம் முடிந்த மறுமாதமே வீணை உறைக்குள் புகுந்துவிடுவதையும் பார்க்கிறோம். தீட்சிதரின் வாழ்வில் அரங்கேற்றம் என்ற ஒன்று கிடையாது. கேட்பவர் இருந்தாலும் இல்லாவிடினும் அவர் பாடியது சந்நிதியில்.

அந்த வாழ்வு வறுமை மிக்கதாகவே இருந்தது. திருவாரூரில் ஒருநாள் வீட்டில் சமைக்க ஏதுமில்லை. இதனை அறிந்த மாணவி கமலம் என்னும் நடனமணி, தம் கைவளையை விற்றுப் பண்டங்கள் வாங்க முன்வந்தார். தீட்சிதர் அதனை ஏற்கவில்லை. கோயிலுக்குச் சென்று தியாகராசப் பெருமான் மீது யதுகுலகாம்போதியில் ஒரு கீர்த்தனை பாடித் திரும்பினார். அரசு அதிகாரி ஒருவரின் வருகைக்காகத் திரட்டிய உணவுப் பொருள்கள், அவர் வராமற் போகவே, தீட்சிதர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தன என்பர்.

அவருடைய மாணவர் கூட்டத்தை நோக்கினால் இன்னொரு சிறப்பு விளங்கும். வைதிகக் குடியில் பிறந்து ஆசாரம் தவறாது வாழ்ந்த அவர், மாணவரைச் சாதி பார்த்துச் சேர்க்கவில்லை. நட்டுவ மரபில் வந்த தஞ்சைச் சகோதரர் நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே. நம் பெண்பிள்ளைகள் பயிலும் பரத நாட்டியத்தின் அலாரிப்பு முதல் தில்லானா வரையான வரிசையை வகுத்தவர்கள் இவர்கள்தாம். திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பன் என்பவரும் அவர் மாணவர். தம்பியப்பன் தீராத வயிற்றுநோயால் வருந்தினார். வியாழக் கிரகத்தின் கோளாறு எனக் கண்ட தீட்சிதர் பரிகாரம் செய்ய விரும்பினார். ஆனால் வேத மந்திரத்தைச் செபிக்கும் உரிமையை அக்கால வழக்கம் தம்பியப்பனுக்கு வழங்கவில்லை. ஆகவே மந்திரப் பொருளையெல்லாம் அடக்கி அடாணா இராகத்தில் வியாழன் மீது ஒரு கீர்த்தனை இயற்றி, இதனைப் பாடி வழிபடுக என்று மாணவருக்குக் கற்பித்தார். நோய் நீங்கியது என்பது வரலாறு. இவ்வாறே ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிரகங்களுக்கும் ஏழு தாளங்களில் கீர்த்தனைகள் அமைந்தன. இராகு, கேது மீதான இரண்டும் அவருடையனவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் பாடல்கள் வடமொழியில் உள்ளமையால் நமக்கு எட்டாதவை எனச் சிலர் ஒதுக்குவர். வழக்கம் அடைத்து வைத்த கதவை ஓர் எளிய மத்தளக் கலைஞருக்காக இசையால் திறந்தவர் அவர் என்பதை அறிந்தால் அவ்வாறு ஒதுக்க மனம் வராது.

தந்தையார் 1817இல் மறைந்தார். தம்பியர் மதுரைக்குச் சென்றனர். 1823இல் சின்னசுவாமி அங்கேயே காலமானார். இளையவர் பாலுசுவாமி எட்டயபுரம் அரசவை வித்துவானாக இருப்பதை அறிந்து தீட்சிதர் அங்கே புறப்பட்டார். வழியில் மழையின்றி வெடித்துக் கிடந்த கரிசல் நிலத்தைக் கண்டு, உள்ளம் உருகி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அம்பிகையைப் பாட, மழை பொழிந்தது என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

எட்டயபுரத்திலேயே அவரது இறுதியும் அமைந்தது. 1835ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள், நரக சதுர்த்தசியாகிய தீபாவளி நன்னாள். வழக்கம்போல் பூசையை முடித்த தீட்சிதர், மாணவர்களை அழைத்து மதுரை மீனாட்சியம்மை மீது தாம் இயற்றிய கமகக்கிரியை இராகக் கீர்த்தனையைப் பாடச் சொன்னார். அதனைக் கேட்டபடியே அவருயிர் அம்பிகையின் திருவடியில் கலந்தது. அவர் பிறந்தது மன்மத ஆண்டு. அறுபதாண்டுச் சுற்றில் மறைந்த அவ்வாண்டும் மன்மதவே. அவரது சமாதி எட்டயபுரத்தில் உள்ளது. பின்னாளில் மகாகவி பாரதியார் பிறந்ததும் அவ்வூரே.

தீட்சிதர் தம் பாடல்களை நூலாக்கிச் சென்றவரல்லர். மாணவர் நாவிலும் வீணையிலுமே அவை வாழ்ந்தன. ஒரு தலைமுறை சோர்ந்திருந்தால் பெரும்பகுதி அழிந்திருக்கும். பாலுசுவாமியின் பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதரிடம் அவை சுரசுத்தமாக இருந்தன. அவர் அவற்றை எளிதில் வெளியிட விரும்பவில்லை. இதனை அறிந்து அவரை வற்புறுத்தி இசையச் செய்தவர் சின்னசுவாமி முதலியார் என்னும் பெருமகனார். அவர் சமயத்தால் கத்தோலிக்கக் கிறித்தவர். சென்னை அரசுச் செயலகத்தில் கண்காணிப்பாளராக வேலை பார்த்தவர். நம் இசையை மேனாட்டுச் சுரக்குறியில் அச்சிடக் கைப்பொருளைச் செலவிட்டவர். அரசாங்க ஊழியனான எனக்கு அலுவலகக் கோப்புகளிடையே அவர் நினைவு அடிக்கடி வருவதுண்டு. எட்டயபுர அரசரின் ஆதரவும் சேர, சுப்பராம தீட்சிதர் முதுமையில் அமர்ந்து எழுதிய சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல் 1904இல் தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்தில் அச்சேறியது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் 229 அதில் சுரக்குறிப்புடன் இடம்பெற்றன. நூல் வெளிவந்து இரண்டாண்டில், 1906இல், சுப்பராம தீட்சிதரும் இறைவனடி சேர்ந்தார்.