ராணிப்பேட்டை தந்த மருத்துவத் தாய்!

ரத்தினகிரி முருகனையும் சோளிங்கர் நரசிம்மரையும் தரிசிக்கச் செல்லும் வாசகியர் பலர் ராணிப்பேட்டை வழியாகப் போயிருப்பீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், 1870-ல் பிறந்த ஊர் அது.

அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகளான ஐடாவுக்கு, இந்தியாவில் தங்கும் எண்ணமே முதலில் இல்லை. திண்டிவனத்தில் ஓர் இரவு எல்லாவற்றையும் மாற்றியது. பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி ஓர் அந்தணர் வந்தார். அடுத்து ஓர் இஸ்லாமியர், பிறகு ஒரு முதலியார். ஐடா அப்போது டாக்டர் அல்ல. டாக்டரான தந்தையோ ஆண். அந்நிய ஆடவர் பிரசவம் பார்க்க மூவரின் ஆசாரமும் இடம் தரவில்லை. விடிந்தபோது மூன்று தாய்மார்களும் உயிருடன் இல்லை!

மனம் கலங்கிப் பிரார்த்தித்த ஐடா, அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். ஆசாரமா, உயிரா என்று இனி எந்தப் பெண்ணும் தவிக்காதிருக்க, பெண் டாக்டர்களை உருவாக்குவதே அவர் கண்ட வழி.

அவர் வணங்கிய தெய்வம் வேறு. கதவைத் தட்டியவர்கள் வணங்கிய தெய்வம் வேறு. மருத்துவமனை வாசலோ அனைவருக்கும் பொதுவாயிற்று. 1960-ல் அவர் மறைந்தார்.

அடுத்த முறை ரத்தினகிரி செல்லும்போது, பெயர் தெரியாத அந்த மூன்று தாய்மார்களுக்காகவும் ஒரு தீபம் ஏற்றுங்களேன்!