தொலைவிலிருந்து ஆணையிட்ட மேதை: நிக்கோலா டெஸ்லா
(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கருவி என்பது மனிதக் கையின் நீட்சி என்பர் அறிஞர். கலப்பையும் கோடரியும் கையோடு ஒட்டி நின்றவை. கையை விட்டு விலகித் தொலைவில் நின்று, கம்பியின் துணையும் இன்றி, மனிதன் இடும் ஆணையை ஏற்று நடக்கும் பொறியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டிய முன்னோடி யார்? மாறுதிசை மின்னோட்டத்தைப் பற்றிய பாடத்தில் நாம் சந்திக்கும் நிக்கோலா டெஸ்லாவே அவர். அவரது வாழ்வின் இந்தப் பக்கம் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. எனவே அதனையே இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

டெஸ்லா 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள், இன்று குரோஷியா நாட்டில் உள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறித்தவ மதகுரு. தாயோ பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆயினும் வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்து கொள்ளும் கைத்திறன் படைத்தவர். மகனுக்கு வாய்த்த படைப்பாற்றல் அந்த அன்னையின் கொடை எனலாம். கிராட்ஸ் நகரில் தொழில்நுட்பக் கல்வி பயின்ற டெஸ்லா, பட்டம் பெறாமலே வெளியேறினார். 1884இல் நியூயார்க் வந்து எடிசனின் நிறுவனத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1888இல் மாறுதிசை மின்மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் நயாகரா நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் பஃபலோ நகரை எட்டியபோது அவர் புகழ் உச்சத்தை அடைந்தது. இவையெல்லாம் நாம் அறிந்தவையே.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 1895 மார்ச்சில், அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையாகியிருந்தது. பல்லாண்டு உழைப்பு ஓர் இரவில் சாம்பலாயிற்று. மனம் தளராத டெஸ்லா மீண்டும் எழுந்தார். 1898இல் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகு ஒன்றை மிதக்க விட்டார். அதனுள் மின்கலம், உந்து மோட்டார், சுக்கான் திருப்பும் மோட்டார், அலைகளை ஏற்கும் கருவி ஆகியவை இருந்தன. டெஸ்லா எட்ட நின்று கைப்பிடியைத் திருப்பினார், படகு திரும்பியது! விளக்குகள் எரிந்தன, அணைந்தன! பழக்கிய குரங்கு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறதோ என்று பார்வையாளர் சிலர் ஐயுற்றதாகவும் சொல்வதுண்டு. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இதற்கான காப்புரிமை, எண் 613,809, வழங்கப்பட்டது.

இப்படகில் என்னை வியக்க வைப்பது அலை அன்று. அலைக்குப் பொருள் தந்த ஒழுங்கே. கரையிலிருந்து சென்ற துடிப்புகள் எல்லாம் ஒரே தன்மையன. இடப்பக்கம் திரும்பு என்பதற்கு ஒன்று, நில் என்பதற்கு மற்றொன்று எனத் தனித்தனிக் குறி இல்லை. துடிப்பு ஒவ்வொன்றும் படகிலிருந்த சுழல் பொறியை ஒரு படி நகர்த்தும். இடம், நிறுத்தம், வலம், நிறுத்தம் என்னும் வரிசையில் எந்தப் படி வந்ததோ அதுவே ஆணை. அனுப்புபவரும் ஏற்கும் பொறியும் அவ்வரிசையை முன்கூட்டியே ஒப்புக் கொண்டிருந்தால்தான் செய்தி செய்தியாகும். இல்லையேல் அது வெறும் ஓசையே அன்றோ?

அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. பல படகுகள் மிதக்கும் இடத்தில், வந்த ஆணை தனக்குரியதென ஒரு படகு எவ்வாறு அறியும்? பகைவன் அனுப்பும் அலைக்கும் அது பணிந்து விடாதா? டெஸ்லா கண்ட விடை அழகானது. வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகள் இணைந்து வந்தால் மட்டுமே பொறி இயங்க வேண்டும்; ஒன்று மட்டும் வந்தால் அசையக் கூடாது. இரு சாவிகளும் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகம் போல! இதற்கு 1903இல் இரு காப்புரிமைகள் பெற்றார். இன்றைய மின்னணுவியலில் நாம் பயிலும் 'உம்' வாயிலின் கருத்தை இதில் காண்கிறோம்.

இன்று கார்த் தொழிற்சாலையில் பற்றவைக்கும் ரோபோவை நோக்குங்கள். வலைப்பின்னல் வழியே அது பிற கருவிகளோடு இடையறாது பேசுகிறது. அதனை அமைக்கும் பொறியாளர் முதலில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தருகிறார். டெஸ்லாவின் இரட்டை அலை செய்த வேலை இது. பிறகு எத்தனை பைட் அனுப்புவது, எத்தனை பைட் பெறுவது, எந்த இலக்கம் பற்று என்பதைக் குறிக்கும், எது விடு என்பதைக் குறிக்கும் என்று இரு முனையிலும் ஒன்றுபோல் பதிகிறார். படகின் படி வரிசை இதுவே. அளவு ஒத்துவராவிடில் இணைப்பே கிட்டாது. அளவு ஒத்துப் பொருள் மாறினாலோ, பற்ற வேண்டிய கை விட்டு விடும். அருகில் நிற்கும் தொழிலாளிக்கு ஆபத்து. இன்னொன்றையும் இக்காலம் சேர்த்துள்ளது. டெஸ்லாவின் படகு கரைக்குச் செய்தி திருப்பி அனுப்பவில்லை. அவர் கண்ணால் பார்த்தே அறிந்தார். இன்றோ கருவிகள் சில மில்லி விநாடிக்கு ஒருமுறை இருபுறமும் செய்தி பரிமாறுகின்றன. குறித்த நேரத்துள் செய்தி வாராவிடில் இயக்கம் நிற்குமாறு அமைக்கின்றனர். கேட்டு நடப்பது மட்டுமன்று, கேளாதபோது நிற்பதும் பணிவின் இலக்கணமே.

டெஸ்லாவின் காலம் இவற்றை உணரவில்லை. அமெரிக்கக் கடற்படை அவர் படகில் நாட்டம் கொள்ளவில்லை. கம்பியின்றி உலகெங்கும் செய்தி அனுப்ப 1901இல் அவர் எழுப்பத் தொடங்கிய வார்டன்கிளிஃப் கோபுரம் பணமின்றி முடங்கி, 1917இல் இடிக்கப்பட்டது. விடுதி அறைகளில் கடனோடு காலம் கழித்த அம்மேதை 1943 சனவரி 7ஆம் நாள் நியூயார்க்கில் தனிமையில் மறைந்தார். அதே ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க உச்சநீதிமன்றம், டெஸ்லா முதலியோரின் முந்திய பணியைச் சுட்டி, மார்க்கோனியின் வானொலிக் காப்புரிமையின் முக்கியப் பகுதிகள் செல்லா என்றது. 1960இல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நீதியும் புகழும் வந்தன. பெறுவதற்கு அவர்தாம் இல்லை.

மாணவ நண்பர்களே! ஆய்வகத்தில் டெஸ்லா என்னும் அலகை எழுதும்போது, அந்தச் சிறு படகையும் நினைவில் கொள்வோம். ஆணையிடும் ஆற்றல் பெரிதன்று; அந்த ஆணை உரிய இடம் சேர்ந்து உரிய பொருளில் உணரப்படுமாறு செய்வதே பெரிது. பொறிக்கு மட்டுமல்ல, மனிதர்க்கும் இது பொருந்துமன்றோ?