நூலகத் தந்தை அரங்கநாதனார்

நம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் செங்கற்பட்டு ஜில்லாவின் தாம்பரத்திற்குப் பெயருமுன், அதிற் கணிதம் பயின்றவர் சீர்காழிச் சீ. இரா. அரங்கநாதனார் (1892-1972). 1924இல் சென்னைச் சர்வகலாசாலை நூலகராய் அமர்ந்த அவர், அப்பணியின் தனிமைக்கு ஆற்றாது, மீண்டும் ஆசிரியத் தொழிலையே விழைந்தார். ஆயினும், இலண்டன் சென்று ஆங்குள்ள பல நூலகங்களை ஒப்பிட்டு நோக்கியபின் மனம் மாறித் திரும்பினார். நூல் பயன்படற்கே உரியது, வாசகர் பொழுது வீணாகலாகாது என்பன முதலாய ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார்.

இக்காலத்து ஆராய்ச்சித் தரவுத்தளங்களுக்குச் சந்தா செலுத்துங்கால் நாம் கைக்கொள்ளத்தக்க அளவுகோல் அவ்விதிகளே. மாமல்லபுரத்துக் கற்றளிகளை ஆராயும் மாணவனுக்கு வேண்டுவன இல்லையேல், இதழ்கள் பல்லாயிரம் இருந்தும் பயன் யாது? எண்ணிக்கையை அன்று, பயனையே ஒப்பிடுவோமாக.