கண்ணாடி விரியனுக்குப் பெயர் கொடுத்த டாக்டர்: பாம்பின் வாய்க்குள் பேட்ரிக் ரஸ்ஸல் தேடியது என்ன?

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டுப்பாக்கம், பூந்தமல்லி பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வரும். மாடிப்படிக்குக் கீழே சுருண்டு கிடக்கும் பாம்பு. கண்ணாடி விரியன் என்பார் ஒருவர், மலைப்பாம்புக் குட்டிதான் பயப்படாதீங்க என்பார் இன்னொருவர். பார்த்ததும் விஷப்பாம்பை அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறதா? இதே கேள்வியோடு சுமார் 240 வருடங்களுக்கு முன்பு சோழமண்டலக் கடற்கரையில் ஒரு டாக்டர் அலைந்துகொண்டிருந்தார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிற ரஸ்ஸல் அவர்தான்.

பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிறந்து மருத்துவம் படித்தவர். 1750-ல் சிரியாவின் அலெப்போ நகரத்துக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் ஏற்கெனவே டாக்டராக இருந்தார். இருவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள், அம்மா வேறு. அண்ணன் ஊர் திரும்பிய பிறகு அந்த வேலை தம்பிக்கு வந்தது. 1760 முதல் 1762 வரை அலெப்போவைப் பிளேக் புரட்டிப்போட்டது. ஓடிப்போகாமல் அங்கேயே இருந்து, கண்டதை எல்லாம் எழுதி வைத்தார் ரஸ்ஸல். பார்ப்பது, எழுதுவது, அவசரப்பட்டு முடிவுக்கு வராமல் இருப்பது. பின்னாளில் பாம்பு விஷயத்திலும் அவர் கைக்கொண்டது இதே பழக்கம்தான்.

இந்தியாவுக்கு அவர் வந்தது பாம்புக்காக அல்ல, தம்பிக்காக. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிய தம்பி கிளாடுக்குத் துணையாக 1781-ல் கப்பல் ஏறினார். அப்போதே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1785-ல் கம்பெனியின் இயற்கையியலாளர் கோனிக் இறந்துபோக, சென்னை ராஜதானியில் அந்தப் பதவி ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. செடிகொடிகளைச் சேகரிப்பதுதான் உத்தியோகம். ஆனால் மனுஷனைத் தூங்கவிடாமல் செய்தது பாம்புக்கடி. எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று தெரியாமலே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். விஷமில்லாத பாம்பு கடித்துப் பிழைத்தவரைத் தன் மருந்துதான் காப்பாற்றியது என்று சொல்லி வைத்தியர்களும் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்றுக்கு ஏகப்பட்ட மவுசு. அதன் சரக்கில் ஒன்று பாஷாணம், அதாவது ஆர்சனிக். நாய்களையும் கோழிகளையும் பாம்பிடம் கடிபடவிட்டு மருந்துகளைச் சோதித்தார் ரஸ்ஸல். இன்று படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாமல் எந்த மருந்தையும் மெச்ச முடியாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

அதனால் வெளி அடையாளங்களைத் தேடினார். உள்ளூர் ஆட்கள் பிடித்து வந்த பாம்புகளை வரையச் செய்தார், அவர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையே குறித்துக்கொண்டார். பாம்பு பாம்பாகச் செதில்களை எண்ணினார். நிறம் பார்த்தார், தலை வடிவம் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வெளி அடையாளமும் சிக்கவில்லை. கடைசியில் அவருக்கு மிஞ்சிய வழி ஒன்றே ஒன்றுதான்: வாயைத் திறந்து நச்சுப்பல் இருக்கிறதா என்று பார்ப்பது.

ரகசியம் ஏன் அங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு மண்டையோட்டைத்தான் கேட்க வேண்டும். நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். உள்ளே தசை அசையும். பாலூட்டிகளின் முன்னோருக்குக் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. தாடைத் தசைக்கு இடம் தந்த அந்த அமைப்பின் வாரிசுதான் நம் பொட்டு. பல்லி, முதலை, பாம்பு வம்சத்துக்கு அப்படிப் பக்கத்துக்கு இரண்டு. ஆமைக்கு ஓட்டையே கிடையாது. முதலை இரண்டு ஓட்டைகளையும் அவற்றைச் சுற்றிய எலும்புச் சட்டங்களையும் அப்படியே வைத்துக்கொண்டது. அதனால் மண்டை கெட்டி, கடி பலம். பல்லி கீழ்ச் சட்டத்தை இழந்தது. பாம்போ இரண்டையும் இழந்துவிட்டது.

இழப்பு என்று சொன்னாலும் பாம்புக்கு அது லாபம். தாடையைத் தாங்கும் குவாட்ரேட் எலும்பு கட்டு விட்டுத் தொங்குகிறது. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் ஒட்டாமல், இழுபடும் நார்களால் மட்டும் இணைந்திருக்கின்றன. அதனால்தான் தன் தலையைவிடப் பெரிய எலியை, இடது வலது என்று தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி உள்ளே தள்ள முடிகிறது. அதே குவாட்ரேட்தான் நம் காதுக்குள் குட்டியூண்டு பட்டடை எலும்பாகச் சுருங்கிப்போனது. பாம்பு வாய் திறக்கிற எலும்பால் நாம் ரிங்டோன் கேட்கிறோம்.

விரியன் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் மேல்தாடை எலும்பு குட்டையாகிக் கீல் போலச் சுழல்கிறது. வாய் மூடியிருக்கும்போது நீளமான நச்சுப்பல் அண்ணத்தில் மடங்கிக் கிடக்கும். பாய்ந்து கடிக்கும்போது உள்ளெலும்புகள் தள்ள, பல் முன்னால் நிமிரும். ஊசி போல உள்ளே குழல் உள்ள பல் அது. நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் பல் மடங்காது, முன்பக்கத்தில் சின்னதாக நிலையாக நிற்கும். சாரைக்கு அப்படி ஒரு பல்லே கிடையாது, வரிசையாகச் சாதாரணப் பற்கள்தான். வெளியே தோலும் செதிலும் எத்தனை வேஷம் போட்டாலும் உள்ளே எலும்பு பொய் சொல்லவில்லை. என்ன பிரயோஜனம்? கடிபட்டவர் பாம்பைப் பிடித்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

அந்தக் குறையோடுதான் 1789-ல் ரஸ்ஸல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவருடைய பெரிய படப்புத்தகத்தின் முதல் பாகத்தைக் கம்பெனி 1796-ல் வெளியிட்டது. மறு வருடமே ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர் கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார். நாகம் எப்படிப் படம் எடுக்கிறது என்று 1804-ல்கூட ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். தோலை விரிப்பது கழுத்து விலா எலும்புகள், காற்று அல்ல. 1805 ஜூலை 2-ல் லண்டனில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகத்தின் கடைசிப் பகுதி 1809-ல்தான் வந்தது.

விஷமுறிவு மருந்து பிறக்க அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட 90 வருடம் ஆனது. இன்று இந்தியாவில் கொடுக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலுக்கும் சேர்த்தே தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு ஈசிஆர் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. ஆகவே கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். அறிகுறிகளைப் பார்த்து டாக்டர் முடிவெடுப்பார். இத்தனைக்கும் பிறகு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதிகம் கடிப்பது ரஸ்ஸல் பெயர் கொண்ட அதே விரியன்தான். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது 2024 நவம்பரில்.